ஒவ்வொரு கஜானாவுக்கும் ஒரு பயம்

மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் திண்டிவனம் மளிகைக் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு சோப்பும் பற்பசையும் ஷாம்பூவும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பரில் குறைக்கப்பட்ட விகிதப்படி இவற்றுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. ரசீதின் அடியில் மத்திய ஜிஎஸ்டி 25 ரூபாய், மாநில ஜிஎஸ்டி 25 ரூபாய் என்று இரண்டு எண்கள் இருக்கும். இந்த 50 ரூபாய் எங்கே போகிறது? செஞ்சி வட்டத்தில், தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் மேல்சித்தாமூருக்கு அதில் எவ்வளவு திரும்பி வருகிறது?

முதலில் மத்திய அரசின் 25 ரூபாய். பங்கிடத்தக்க வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குத் தர வேண்டும் என்பது 2021 முதல் 2026 வரைக்கும் 15ஆவது நிதிக்குழு வகுத்த கணக்கு. அதன்படி 10 ரூபாய் 25 காசு எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்ந்து கிடைக்கும். அதில் அந்தக் குழு தமிழ்நாட்டுக்கு வகுத்த பங்கு 4.079 சதவீதம், அதாவது 42 காசு. மாநில ஜிஎஸ்டி 25 ரூபாயோ நேராகச் சென்னைக்குப் போகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது இங்குள்ள நடைமுறை. ஆக இரண்டரை ரூபாய். அதை மாநகராட்சிகளும் நகராட்சிகளும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சமமாகப் பிரித்தால் ஓர் ஊராட்சிக்கு ஒரு காசில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. இப்படிப்பட்ட கோடிக்கணக்கான ரசீதுகளின் துளிகள் ஒன்றுசேர்ந்துதான் ஊரில் தெருவிளக்கு எரிகிறது.

அந்த 42 காசு பேரம் பேசி வந்த தொகை என்று நினைத்துவிட வேண்டாம். அது 15ஆவது குழுவின் சூத்திரம் தந்த விடை. முன்னணி மாநிலத்தைவிடத் தனிநபர் வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு 45 புள்ளி. மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, காட்டுக்கும் சூழலுக்கும் 10, வரி வசூலில் காட்டிய முயற்சிக்கு 2.5. கூட்டினால் சரியாக 100. அரசமைப்பின் 280ஆவது பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கச் சொல்லும் நிதிக்குழுதான் இந்தப் புள்ளிகளை மாற்றி மாற்றிப் போடுகிறது. இரண்டாவது குழுவுக்கு கே. சந்தானமும் நான்காவது குழுவுக்கு பி.வி. ராஜமன்னாரும் தலைமை ஏற்றார்கள். இருவரும் தமிழ்நாட்டோடு நெருங்கியவர்கள். ஆஸ்திரேலியாவில் இதே வேலைக்கு 1933இலேயே ஓர் ஆணையம் வந்துவிட்டது. பாலைவனத்தின் நடுவில் இருக்கும் குடியிருப்பில் பள்ளிக்கூடம் நடத்த நகரத்தைவிட எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது.

வேறு வேறு நாடுகள் பொதுப்பணத்தை எப்படிக் கையாள்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. நிதி விதி எதுவானாலும் அதற்கு அடியில் ஒரு பழைய பயம் இருக்கிறது. எந்த நாடு எதற்குப் பயந்தது என்பதை அதன் பூட்டுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மிகப் பழைய பூட்டு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனத்துக்கு வடக்கே உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. 30 குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்தவைதான். தகுதியின்மைப் பட்டியலைத்தான் பலர் கவனிப்பதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. தான் விலகிக்கொண்டு மைத்துனரை நிறுத்தும் தந்திரத்தை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராம சபை முன்கூட்டி யோசித்து அடைத்திருக்கிறது.

இங்கிலாந்து பயந்தது அரசனுக்கு. யார் எவ்வளவு கட்டினார் என்பதற்கு அங்கே 12ஆம் நூற்றாண்டு முதல் மரக்குச்சிதான் சாட்சி. தொகைக்கு ஏற்ற வெட்டுகளைக் குச்சியில் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பாதியும் இழைபிசகாமல் பொருந்தினால்தான் கணக்கு நேர். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாத ரசீது அது. இந்த முறை 1826 வரை நீடித்தது. 1834இல் பழைய குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்தபோது நெருப்பு மீறிப்போய் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து சாம்பலானது.

அதற்குள் அங்கே இன்னொரு புதுமை வந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்ததால் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. 1787இல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டினார்கள். அதுதான் தொகுப்பு நிதி. அரசின் வருமானமெல்லாம் அதற்குள் போகும், நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் வெளியே வரும். இன்றும் பிரிட்டனில் அந்தப் பெட்டி தினமும் மாலையில் சுழியத்துக்கு வந்து நிற்கிறது. மிச்சம் இருந்தால் தேசியக் கடன் நிதிக்குப் போகும், பற்றாக்குறை என்றால் அங்கிருந்து வந்து நிரம்பும். எங்கோ ஒரு கணக்கில் பணம் சும்மா தூங்க, இன்னொரு துறை வட்டிக்கு வாங்கும் வீண்செலவு அங்கே இல்லை. நம் நாட்டில் திட்டங்களுக்கு அனுப்பிய பணம் எத்தனையோ வங்கிக் கணக்குகளில் இப்படித் தூங்கியது. 2021 முதல், மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களில் ஒரு திட்டத்துக்கு ஒரு மாநிலத்தில் ஒரே மையக் கணக்கு என்று கட்டிப்போடத் தொடங்கினார்கள்.

இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை ஜேம்ஸ் வில்சன் 1860இல் படித்தார். வருமான வரியும் அந்த ஆண்டே வந்தது. சுதந்திர இந்தியா பிரிட்டனின் ஒற்றைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாக விரித்தது. வரியும் கடனும் போய்ச் சேரும் தொகுப்பு நிதி, வெள்ளம் புயல் போன்ற அவசரத்துக்கு எடுக்கும் எதிர்பாராச் செலவு நிதி, வருங்கால வைப்பு நிதிபோல அரசு பிறருக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் பணத்துக்குப் பொதுக் கணக்கு. தில்லியைப் போலவே சென்னைக்கும் இந்த மூன்றும் உண்டு. தொகுப்பு நிதியிலிருந்து சட்டம் இல்லாமல் ஒரு காசும் எடுக்க முடியாது என்கிறது 266ஆவது பிரிவு.

எடுத்த காசு எதற்குப் போனது என்பதைச் சொல்ல நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதற்குக் கணக்குத் தலைப்பு என்று பெயர். குடிநீரும் சுகாதாரமும் என்ற துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 0215 என்றால் அந்தத் துறையில் வந்த வரவு. 2215 என்றால் சம்பளம், மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவு. 4215 என்றால் தொட்டி கட்டுவது, குழாய் பதிப்பது போன்ற மூலதனச் செலவு. 6215 என்றால் அந்தத் துறைக்காகக் கொடுத்த கடன். கடைசி மூன்று இலக்கம் துறையைச் சொல்கிறது, முதல் இலக்கம் பணத்தின் குணத்தைச் சொல்கிறது. இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொண்டே போனால் வரவு செலவாகும், செலவு சொத்தாகும், சொத்து கடனாகும். கல்விக்கு 2202, மருத்துவத்துக்கு 2210 என்று பல துறைகளுக்கும் இதே ஒழுங்கு. இந்தப் பூட்டை மாற்றும் அதிகாரமும் தனி மாநிலத்திடம் இல்லை. கணக்குத் தணிக்கைத் தலைவரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர்தான் கணக்கின் வடிவத்தை வகுக்க வேண்டும். அதனால்தான் தமிழ்நாட்டின் 2215ஐ பீகாரின் 2215க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

நாட்டை நாட்டோடு ஒப்பிடுவது இதைவிடக் கடினம். ஆசிரியருக்கு யார் சம்பளம் தருகிறார்? டென்மார்க்கில் நகராட்சி தருகிறது. அங்கே அரசுச் செலவில் பாதிக்கும் மேல் உள்ளாட்சிகளின் கை வழியாகவே போகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாநிலம் தருகிறது. கோபன்ஹேகனின் நிதிநிலை அறிக்கையையும் தில்லியின் அறிக்கையையும் மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு நாடுமே கல்விக்குக் கஞ்சத்தனம் செய்வதுபோலத் தோன்றும். எனவே மத்தி, மாநிலம், உள்ளாட்சி, சமூகக் காப்பு நிதி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் ‘பொது அரசு’ என்ற ஒரே உருவமாக்கிவிட்டுத்தான் ஒப்பிடத் தொடங்குவார்கள். பிறகு ஐ.நா. 1999இல் வகுத்த பட்டியலின்படி அந்தச் செலவைப் பாதுகாப்பு, உடல்நலம், கல்வி, சமூகக் காப்பு எனப் பத்துப் பிரிவுகளில் அடுக்குவார்கள். மேல்சித்தாமூரின் குழாயும் மெல்போர்னின் குழாயும் அப்போதுதான் ஒரே வரிசையில் வந்து உட்கார்கின்றன.

அடுத்த சிக்கல் நாட்காட்டி. நமக்கு 1867 முதல் ஏப்ரல் 1இல் நிதியாண்டு பிறக்கிறது. இலங்கைக்கு ஜனவரி 1, ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை 1, அமெரிக்காவுக்கு அக்டோபர் 1. பிரிட்டனில் தனிநபர் வரியாண்டு தொடங்குவது ஏப்ரல் 6. ஏன் 6? அங்கே மார்ச் 25தான் பழைய வருடப் பிறப்பு. 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது 11 நாட்களை வெட்டினார்கள். வருமானத்தில் 11 நாள் குறைந்துவிடக் கூடாது என்று கஜானா தன் ஆண்டை அதே அளவு தள்ளிவைத்தது. 1800இல் இன்னொரு நாள் தள்ளியது. இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தப் பயத்தோடுதான் பிரிட்டன்காரர் இன்றும் வரிப்படிவம் நிரப்புகிறார்.

எப்போது எழுதுவது என்பதிலும் நாடுகள் வேறுபடுகின்றன. ஊரில் புதிதாக மேல்நிலைக் குடிநீர்த் தொட்டி கட்டுகிறார்கள் என்றால் நம் அரசுக் கணக்கில் பணம் கைமாறிய ஆண்டில் செலவு பதிவாகும், அத்தோடு சரி. தொட்டி விரிசல் விட்டுத் தேய்ந்துகொண்டே போவது எந்த ஏட்டிலும் தெரியாது. இதற்கு ரொக்க முறை என்று பெயர். நியூசிலாந்து 1990களின் தொடக்கத்தில் நாடு முழுவதின் கணக்கையும் திரள் முறைக்கு மாற்றியது. அதாவது கடமையோ உரிமையோ உண்டான நாளிலேயே எழுதிவிடுவது. தொட்டி ஒரு சொத்து. ஒவ்வொரு ஆண்டும் அதன் தேய்மானம் செலவாக ஏறும். எழுத்தர் ஒருவருக்குப் பின்னாளில் தரவேண்டிய ஓய்வூதியமும் அவர் வேலை பார்க்கும் ஆண்டுகளிலேயே கடனாக ஏறிக்கொண்டு வரும். அடுத்த அரசின் தலையில் பாரத்தைக் கட்டிவிட்டுப் போகும் பழக்கத்துக்குத்தான் நியூசிலாந்து பயந்தது.

நிதிநிலை அறிக்கை காலத்தில் நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் பயங்கள் எதிரெதிராக நிற்கின்றன. அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் அதிகாரிகள் செலவு வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் 1884இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்புதல் இல்லையென்றால் அரசு அலுவலகத்தையே மூட வேண்டும் என்று 1980இல் அதற்கு விளக்கம் தந்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அப்படி மூடியே கிடந்தது. ஸ்பெயின் பயப்படுவது அரசு நின்றுபோவதற்கு. புதியது நிறைவேறவில்லையென்றால் பழைய அறிக்கை தானாகவே தொடரும். 2023இன் அறிக்கை 2024க்கும் 2025க்கும் நீண்டது அப்படித்தான். பெல்ஜியம் 2010–11இல் 541 நாட்கள் முழு அரசு இல்லாமல் இருந்தது. புதிய அறிக்கை நிறைவேறாத மாதங்களில் பழைய அறிக்கையின் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் எடுத்து நாட்டை ஓட்டினார்கள். நம்மிடம் இதற்கு இடைக்கால மானியம் என்ற வழி இருக்கிறது.

கடனுக்கு வைத்த பூட்டுகளில் புகழ்பெற்றது 3 என்ற எண். அரசின் பற்றாக்குறை நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம். 2003இல் இந்தியாவும் தமிழ்நாடும் இயற்றிய நிதிப் பொறுப்புடைமைச் சட்டங்களை ஒட்டிய இலக்குகளிலும் பின்னர் அதே 3 வந்து உட்கார்ந்தது. இது ஏதோ பெரிய ஆய்வின் முடிவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1981இல் பிரான்சு அதிபர் மித்தரான், பணம் கேட்டு வரும் அமைச்சர்களுக்கு ‘முடியாது’ என்று சொல்ல எளிய விதி ஒன்று கேட்டார். நிதித்துறையின் இளம் அதிகாரி கி அபெய்யும் அவருடைய சக ஊழியரும் கோட்பாடு எதையும் தேடிப்போகாமல் விரைவாகத் தேர்ந்தெடுத்த எண் அது. அபெய்யே பின்னாளில் இதை வெளிப்படையாகச் சொன்னார்.

சுவிட்சர்லாந்தின் பூட்டு இதைவிடக் கூர்மையானது. 2001இல் நடந்த வாக்கெடுப்பில் 85 சதவீதம் பேர் ஆதரித்து, 2003 முதல் நடப்பில் இருக்கும் கடன் தடை அது. பொருளாதாரம் வழக்கமான பாதையில் சென்றால் உற்பத்தி 100 இருக்க வேண்டும், மந்தத்தால் 98தான் இருக்கிறது என்று கொள்வோம். 100ஐ 98ஆல் வகுத்தால் 1.02. வருமானம் 100 கோடி வந்தால் 102 கோடி வரை செலவழிக்கலாம். அமோகமான ஆண்டில் உற்பத்தி 102 என்றால் 98 கோடிக்கு மேல் தொடக் கூடாது. கெட்ட காலத்தில் கடன் வாங்கவும் நல்ல காலத்தில் அடைக்கவும் ஒரே வகுத்தல் போதும், அமைச்சர்களின் மனநிலைக்கு அங்கே வேலையில்லை. ஜெர்மனியும் 2009இல் அரசமைப்பிலேயே ஒரு கடன் தடையை எழுதியது. பாதுகாப்புக்கும் பாலங்களுக்கும் பணம் போதாமல் 2025 மார்ச்சில் அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

நார்வேயின் பயம் விசித்திரமானது. அது தன் செல்வத்துக்கே பயந்தது. கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்ததும் அந்தப் பணம் உள்ளூர் விலைவாசியையும் பிற தொழில்களையும் விழுங்கிவிடும் என்று கணக்கிட்டது. 1990இல் நிதியம் ஒன்றுக்குச் சட்டம் போட்டது, 1996இல் முதல் தொகையைச் செலுத்தியது. பணம் முழுவதும் வெளிநாடுகளில் முதலீடு. ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் மட்டுமே எடுக்கலாம். நிலத்தை விற்காமல் விளைச்சலை மட்டும் உண்ணும் விவசாயியின் புத்தி அது. இன்று உலகப் பங்குச் சந்தைகளில் விற்பனையாகும் பங்குகளில் சராசரியாக 1.5 சதவீதம் இந்த நிதியத்திடம் இருக்கிறது. சுமார் 56 லட்சம் பேர் கொண்ட நாட்டில் ஆளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 3 கோடி ரூபாய் வரும். பங்கிடவே கூடாது என்பதுதான் அதன் விதி.

கடனின் அளவை மட்டும் பார்த்து ஒரு நாட்டை எடைபோட்டுவிடவும் முடியாது. ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டு ஆண்டு உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் ஏறத்தாழப் பாதியை ஜப்பானின் மத்திய வங்கியே வைத்திருக்கிறது, கடன் முழுவதும் சொந்த நாணயமான யென்னில். அதைவிடக் குறைந்த விகிதத்தில் கடன்பட்ட இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியவில்லை என்று அறிவித்தது. அந்தக் கடனில் பெரும்பகுதி டாலரில், கையிலோ டாலர் இல்லை. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியதில் வருமானமும் சரிந்திருந்தது. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமாக ஏறியது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கடைக்குப் போனவர்கள் ஒரு வரிச்சலுகையின் விலையை ரசீதிலேயே படித்தார்கள்.

நம் ஊராட்சியின் பூட்டுகள் எதற்குப் பயப்படுகின்றன? தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது, துணைத்தலைவரின் கையெழுத்தும் வேண்டும். ஒற்றைக் கையின் மேல் உள்ள பயம் அது. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டிப்போட்டது. விட்டால் ஊர் இவற்றை மறந்துவிடும் என்று தில்லி பயப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் பல சிற்றூர்களில் மக்கள் ஆண்டுதோறும் கூடி, கை உயர்த்தி, தங்கள் வருமான வரி விகிதத்தைத் தாங்களே முடிவு செய்கிறார்கள். இந்திய ஊராட்சிகளின் வருமானத்தில் சொந்த வரி சுமார் 1 சதவீதம்தான் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2024 அறிக்கை. மற்றவை பெரும்பாலும் மேலிருந்து வரும் மானியம். சொந்தமாகக் கட்டும் வீட்டு வரி சிறியதாக இருப்பதால் கணக்குக் கேட்கும் உறுத்தலும் சிறியதாகிவிடுகிறது. கடை ரசீதில் கட்டிய 50 ரூபாயைத் தன் வரி என்று யாரும் நினைவில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவதில்லை.

தமிழ்நாட்டின் கிராம சபை விதிகளில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைவெண் வரம்பு. மற்ற பூட்டுகள் எல்லாம் பணத்தைத் தொடுபவரைக் கண்காணிக்கின்றன. இது ஒன்றுதான் கேட்க ஆள் வராமல் போவதற்குப் பயந்து வைத்தது. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என ஆண்டுக்கு ஆறு நாட்கள் இங்கே சபை கூடுகிறது. கூட்டத்துக்கு முன்பே இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் ஊரின் வரவு செலவு திறக்கும். கட்டிப்போட்ட மானியம் எவ்வளவு, கட்டிப்போடாதது எவ்வளவு, சொந்த வரி எவ்வளவு, ஆண்டு முடிவில் செலவாகாமல் நின்றது எவ்வளவு? இந்த நான்கு எண்களைச் சீட்டில் குறித்துக்கொண்டு போகிறவருக்கு அடுத்த சபையில் கேட்கக் கேள்வி இல்லாமல் போகாது.